தலைக்குள் தங்கிய ஊசி மருந்து

ஆண்டவரை நம்பும் என் அன்பானவர்களுக்கு எஸ்தரின் தோத்திரம். என் தலைக்குள் கொஞ்சம் உலோகம் இருக்கிறது. பயப்படாதீர்கள், நான் சந்தோஷமாகத்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் மூளையின் மேலுறையில் ஒரு கட்டி வந்தது. புற்று இல்லை. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். திரும்ப வளர்கிறதா என்று பார்க்க வருடா வருடம் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். படம் தெளிவாகத் தெரிய கையில் ஒரு ஊசி போடுவார்கள். கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து அது.

போன வருடம் படம் பார்த்த டாக்டர், "அந்த மருந்து கொஞ்சம் மூளையில தங்கியிருக்கும்மா" என்றார். பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்து போனைத் தட்டித் தட்டிப் படித்தேன். தூக்கம் போயிற்று. இனி ஸ்கேனே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

நெய்வேலிக்காரி புத்தி எப்படிப் போகும்? சுரங்கத்தில் அடித்தண்ணீரை இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்தால்தான் நிலக்கரியைத் தொட முடியும். அப்படியே தண்ணீரைக் குடித்துக் குடித்து அந்த உலோகத்தையும் வெளியேற்றிவிடலாம் என்று நினைத்தேன். பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். பிரசங்கத்தின் நடுவே எழுந்து ஓடினேன். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து கேலி செய்தார்.

"ஏன் எஸ்தரு, மைன்ஸ்ல ராப்பகலா தண்ணி எறச்சிக்கினு இருக்காங்களே, அந்த கான்ட்ராக்ட்ட நீ எடுத்துக்கினியா?"

நான் சிரிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் தொடங்கியதும் தலைவலி வந்தது. குமட்டல் வந்தது. கட்டி திரும்ப வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஸ்கேனுக்குப் போனால் உலோகம், போகாவிட்டால் கட்டி. கணவரிடம்கூடச் சொல்லாமல் சமையலறையில் நின்று அழுதேன். "ஆண்டவரே, அந்த உலோகத்தை எடுத்துவிடும்" என்பதுதான் என் ஜெபம்.

எங்கள் பிளாக்கில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குவார்ட்டர்ஸில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று விண்ணப்பம் கேட்டால் நான் எப்போதும் "குடும்ப சமாதானம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அன்றைக்கு முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எல்லோரும் என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். ஆமென் சொன்ன வாயோடு பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரூத் அக்கா, "ஜெபம் பண்ணியாச்சி. நாளைக்கே டாக்டருகிட்ட போறோம், நானும் வரேன்" என்றார்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அதிகத் தண்ணீரால் என் உடம்பில் உப்பு குறைந்திருந்தது. தலைவலி அதனால்தான். மூளையில் தங்கியது தண்ணீர் குடித்தால் போகாது என்றும், அதனால் கெடுதல் வந்ததாக இதுவரை உறுதியாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். "இந்தத் தடவை ஊசி இல்லாமலே எடுப்போம். சந்தேகம் இருந்தாத்தான் போடணும், அதுவும் கம்மியா தங்குற மருந்தாப் போடலாம்" என்றார். இப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால்தானே தெரியும்.

ஊசி போடாமலே எடுத்தார்கள். கட்டி வளரவில்லை. உலோகத்தின் அடையாளம் மட்டும் அப்படியே தெரிந்தது. வெளியே வந்து ரூத் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் பாடகர் குழுவோடு நின்று பாடினேன். இரண்டாம் பாட்டு முடிகிறபோது, பின்வரிசையில் பாடிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து, "தண்ணி வோணுமா?" என்று கேட்டார். எனக்கு அடுத்த பாட்டில் பாதி சிரிப்பாகவே போயிற்று.

நான் எடுத்துவிடும் என்று கேட்டதை ஆண்டவர் எடுக்கவில்லை. என் பயத்தை எடுத்துவிட்டார். பிரியமானவர்களே, உங்கள் பாரத்தையும் ஒளிக்காமல் அவரிடம் சொல்லுங்கள், கூட இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். ஆமென் சொன்ன கையோடு டாக்டரிடமும் போங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன்.