பத்மப்ரியாவும் பேர் அழிந்த டிஸ்குகளும்

பத்மப்ரியா அம்மாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்றுதான் எங்கள் ஆபீசில் கேட்பார்கள். தென்திருப்பேரையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார், சாயந்திரம் போவார். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். அம்மா முதலில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப் அடித்தவர். அங்கே கம்ப்யூட்டர் வந்ததும் அதன் மூடியைக் கழற்றிப் பார்த்துப் பார்த்தே வேலை பழகியவர். கடலடியை அளந்து படம் எடுக்கிற எங்கள் ஆபீசில் இப்போது சர்வர் ரூம் அவர் கையில். நான் மந்திரமூர்த்தி, உடன்குடிக்காரன். அந்த ரூமின் ஏசியும் வெளியே நிற்கிற ஜெனரேட்டரும் என் பாடு. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அந்த ரூமுக்குள் போனால் வெளியே தூத்துக்குடி இருப்பதே மறந்துபோகும். உப்புக் காற்று கிடையாது, லாரி சத்தம் கிடையாது. பச்சையும் நீலமுமாகப் பொடி விளக்குகள் மினுங்கும். காற்றாடிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் நின்றால் நங்கூரம் போட்ட தோணியில் படுத்துக் கிடப்பதுபோல் தரை லேசாக அசையும். அம்மா திரையில் கடலடிப் படங்களை ஓடவிடுவார். பழுப்பு மணல் வரும். நீரோட்டம் தடவிப்போன வரிகள் வரும். பிறகு, எங்கிருந்தோ மிதந்து வந்தது மாதிரி கறுப்பாக ஒரு பாறைத் திட்டு. அந்தத் திட்டுக்குத்தான் எங்கள் பக்கத்தில் ‘பார்’ என்று பேர். முத்துச்சிப்பி ஒட்டுவது அதில்தான்.

இந்த வருஷம் ஒரு பாரில் சிப்பி பிடித்திருந்தது. துறைமுகத்துக்காரர்கள், கடலில் தோண்டுகிற மண்ணை எங்கே கொட்டுவது என்று வரைபடத்தில் கோடு போடப் போகிறார்கள். அன்றைக்குச் சாயந்திரத்துக்குள் எங்கள் படம் அவர்களிடம் போய்ச் சேராவிட்டால் கோடு அந்தப் பார் மேலேயே விழும். மறுபடி அளக்கலாம் என்றால் கச்சான் காற்று எழும்பி, கடல் கலங்கிவிட்டது. அளவெடுத்த படகை ஓட்டிய ஞானையா அண்ணாச்சி, முன்னே சங்கு குளித்தவர், காலையிலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குத்தான் புது சர்வரில் சாஃப்ட்வேர் ஏற்றுகிற நாளும். பழைய சர்வர் இரண்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு அலமாரி நிறைய டிஸ்க். ஒரு படத்தைத் துண்டு துண்டாக்கி எல்லா டிஸ்கிலும் பரப்பி வைத்திருக்கும். படங்களுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்றுதான் புதுசை வாங்கியதே. அதன் கேபிளையும் அந்த டிஸ்க் அலமாரியில்தான் மாட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை. மானேஜர் சுதர்சனம் சார் புது சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்.

“பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். சீக்கிரம் ஏத்திருங்கோ.”

“டிஸ்க் கேபிளக் கழத்தி வச்சிட்டு ஏத்தணும் சார்.”

“கழத்தி மாட்டறதுக்குள்ள நேரம் போயிடும்மா. அப்படியே ஏத்துங்கோ!”

வாசலில் இருந்து ஞானையா அண்ணாச்சி குரல் கொடுத்தார். “நாங்க ராகுகாலத்துலயும் வலை போடுதோம் சார். மீனு பஞ்சாங்கமா பாக்கு?”

சார் முறைத்தார். அம்மா கேபிளைக் கழற்றவில்லை. புது சர்வர் வரிசையாகக் கேள்வி கேட்டது, அம்மா வரிசையாகச் சரி சொன்னார். அலமாரி டிஸ்குகளில் பேர் எழுதின விதம் அதற்குத் தெரியாது. எல்லாம் காலி, என் முத்திரையைப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறது. அதற்கும் சரி.

புதுசோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பார்க்க, பழைய சர்வரில் ஒன்றை அணைத்துப் போட்டார். அது எழுந்து, டிஸ்கே இல்லை என்றது.

அம்மா திரையையே பார்த்தபடி நின்றார்.

“இன்னொண்ணையும் அணைச்சுப் போட்டா சரியாயிடும்மா” என்று சார் கையை நீட்டினார்.

“கை வைக்காதீங்க சார்!”

அவர் சத்தம் போட்டு அதுவரை நான் கேட்டதில்லை. சாரும் கேட்டதில்லைபோல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“யார்டுல நிக்கிற கன்டெய்னர் மாதிரி சார். உள்ள சரக்கு அப்படியே இருக்கு. கதவுல இருந்த நம்பர் மேல வேற பெயின்ட் அடிச்சாச்சு. எது எந்த நம்பர்னு இந்த ஒரு சர்வர்தான் இன்னும் ஞாபகத்துல வச்சிருக்கு. இது அணைஞ்சா அதுவும் போச்சு.” பிறகு என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, கரண்ட் போகக் கூடாது.”

ஈபிக்காரன் என் மச்சானா? போய் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி, ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வந்து கதவோரம் நின்றேன்.

அதற்குப் பிறகு பொழுது எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. பேர் எழுதியிருந்து இப்போது கெட்டுப்போன தலைப்பகுதியை அம்மா முதலில் டிஸ்க் டிஸ்காக நகல் எடுத்து வைத்தார். பிறகு ஓடுகிற சர்வரிடம், தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் கேட்பதுபோல, ஒவ்வொன்றின் பேரையும் கேட்டு வாங்கினார். அந்தப் பேரை அந்தந்த டிஸ்கின் தலையில் எழுதினார். ஒன்றை எழுதுவார், திரும்பப் படித்துப் பார்ப்பார், கண்ணை மூடித் திறப்பார், அடுத்ததுக்குப் போவார். பொடி விளக்குகள் கண் முன்னால் நீந்தின. நான் நின்றபடியே எங்கேயோ ஆழத்துக்குப் போய்விட்டேன். தலைக்கு மேலே தண்ணீர், அதற்கும் மேலே வெயில், ஒரு சத்தமும் இல்லை.

பட்டென்று ஏசி நின்றது. கரண்ட் போய்விட்டது. பேட்டரி கீச்கீச்சென்று கத்த, ஓடினேன். ஜெனரேட்டர் முதல் தடவை இருமி அடங்கியது. திட்டிக்கொண்டே மறுபடி போட்டேன், பிடித்தது. திரும்பி வந்து பார்த்தால் அம்மா அசையவே இல்லை. விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில், டிஸ்கே இல்லை என்ற அந்தச் சர்வரை மறுபடி எழுப்பினார். அது டிஸ்குகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. அம்மா படத்தைத் திறந்தார். மணல் வந்தது, வரிகள் வந்தன. பிறகு பார் வந்தது, மேலெல்லாம் சிப்பி அப்பிக்கொண்டு.

ஞானையா அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டார். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து திரையை விரலால் தொட்டார்.

“இங்கன மண்ணு கொட்ட மாட்டானுவள்லா?”

“படம் போயாச்சு அண்ணாச்சி. பாக்கலன்னு இனி யாரும் சொல்ல முடியாது.”

“சர்வர்ல சின்னக் கோளாறு, அதான் தாமதம்னு எழுதிடலாம்மா” என்றார் சுதர்சனம் சார்.

“கேபிளக் கழத்தாம ஏத்துனது நான்தான்னு எழுதி, படத்தோடயே அனுப்பிட்டேன் சார்.”

அம்மா வெளியே போய், சாய்ந்த வெயில் கிடந்த சுவரில் விறைத்த இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். தென்திருப்பேரை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.