சிவப்புத் துணி முடிச்சுகள்

அந்தப் பூசாரி செத்துப் பல வருஷமாகிறது. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன்.

எண்பதுகளில் மலேசியாவில், கிள்ளானில், ஆற்றோரக் கம்பத்துக் குடியிருப்பில் பலகை வீட்டில் இருந்தோம். ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று வெளியே அனுப்பப்பட்ட குடும்பங்கள்தான் அங்கே அத்தனையும். அப்பாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சோறே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த மனிதர், கோதுமை ரொட்டியைக் கண்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். "ஒரு வாய் கஞ்சி குடுத்துட்டு அப்புறம் என்னைச் சாகச் சொல்லுலா" என்பார்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி காட்டுநெல். ஆற்றங்கரைச் சேற்றுப் பள்ளத்தில் யாரும் விதைக்காமல் தானாக முளைத்துக் கிடந்தது. நீளத் தாடி வைத்த நெல், உள்ளே சிவப்பு அரிசி. அதில் கஞ்சி வைத்துக் குடித்தால் இனிப்பு நீர் ஏறாது என்று அம்மா நம்பினாள். சரியோ தப்போ, யார் கண்டது? ஆனால் அந்த நெல்லுக்கு ஒரு கெட்ட குணம். முற்றியதும் ஒரு காற்று அடித்தால் போதும், அத்தனையும் உதிர்ந்து சேற்றுக்குள் போய்விடும். அதனால் பச்சையாக இருக்கும்போதே பத்துப் பதினைந்து கதிரைச் சேர்த்துத் துணியால் கட்டிவிட வேண்டும். அப்போது உதிர்கிற மணியும் தாடியில் சிக்கிக் கட்டுக்குள்ளேயே நிற்கும்.

அம்மா தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினாள். குழாயடியில் ஆள் சேருவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுவாள். ஆற்றில் பொறுக்கித் தின்கிறார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! அந்த வெட்கம் அவளைவிட எனக்குத்தான் அதிகம். கம்பெனி பஸ் ஏறி ஃபேக்டரிக்குப் போய்வந்த திமிர். "யாருகிட்டயும் மூச்சு விடாதம்மா, மானம் போயிடும்" என்று சொன்னவளே நான்தான். அப்பாவிடம் மட்டும் அம்மா தினமும் சொல்வாள்: "இன்னும் ஒரு வாரந்தான், கஞ்சி வச்சிடலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போன ஒருத்தன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். ஆற்றோரமெல்லாம் சிவப்பு முடிச்சாம். ஒரு முடிச்சில் நீளமான பெண் முடியும் சிக்கியிருந்ததாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் விடாததும், ஒருவன் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்ததும் இந்த முடிச்சால்தான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. பூசாரி எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்து சேர்ந்தார். ஒரு கதிரைக் கையில் பிடித்து உருட்டிப் பார்த்தார்.

"சாதாரண வேலை இல்ல. விஷயம் தெரிஞ்சவன் செஞ்ச கட்டு" என்றார்.

அடப்பாவி! தஞ்சாவூர் வம்சம் என்று வாய்க்கு வாய் பீற்றிக்கொள்கிற ஆள். கையில் இருக்கிறது நெல் என்று தெரியவில்லை!

நாலு பேர் பாராங் கத்தியால் வெட்டிக் குவித்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பாவி செஞ்சாளோ, அவ கை வெளங்காமப் போக" என்றாள். எங்கம்மா கட்டியது, அப்பாவுக்குக் கஞ்சி வைக்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது?

"ஆமாக்கா" என்றேன்.

ஈரக் கதிர் லேசில் பற்றவில்லை. பற்றியதும் படபடவென்று வெடித்து, நெல்பொரி வாசனை கம்பம் முழுக்கப் பரவியது. அத்தனை பேரில் ஒருத்தருக்கும் மூக்கு இல்லை. பூசாரியைத் திட்டுகிறேனே, அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அம்மா பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது சாம்பல்தான் இருந்தது. வீட்டுக்குள் வந்து கூடையை இறக்கி வைத்தாள்.

"நீ எங்க இருந்த?"

"அங்கதாம்மா நின்னேன்."

அம்மா அடுப்பை மூட்டினாள். இரண்டு ரொட்டி சுட்டுத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள். "நீயே கொண்டு போய்க் குடு."

பல நாளாக எழுந்திருக்காத அப்பா, அன்றைக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். பொரி வாசனை அவருக்கும் எட்டியிருந்தது.

"கஞ்சி ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.