நன்றியுரை மேடம்

தார்வாடில் எங்கள் கல்லூரி அழைப்பிதழ் எதை எடுத்தாலும் கடைசி வரி மாறாது: 'நன்றியுரை: திருமதி நீலாம்பிகா அங்கடி, நிலவியல் துறை.' அவர் முனைவர் பட்டம் வாங்கியவர். அதை அச்சில் போட மட்டும் எப்போதும் இடம் இருக்காது.

நீலாம்பிகா அக்காவுக்கு ஓர் ஆசை இருந்தது. ஊருக்குக் கிழக்கே, ஆறே இல்லாத கரிசல் வயல்களில், தண்ணீர் உருட்டி வழவழப்பாக்கிய கூழாங்கற்களை வருடக்கணக்காகப் பொறுக்கி, அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடியது என்று கண்டுபிடித்திருந்தார். அதைக் கல்லூரிக் கருத்தரங்கில் ஒரு தடவை பேச வேண்டும்.

"கைதட்டல் வேண்டாம் சுமா. பேசி முடிச்சதும் ஒரு ஆளாவது எழுந்து கேள்வி கேக்கணும். நன்றியுரைக்கு யார் கேள்வி கேக்கறாங்க?" என்பார் என்னிடம். நான் கன்னடம் நடத்துகிறவள். கல்லைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அவர் குரலில் இருந்த ஏக்கம் மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு வருடமும் துறைத்தலைவர் தேசாயி சாரிடம் போய்க் கேட்பார்.

"அடுத்த வருஷம் பார்ப்போம்ரீ மேடம். நீங்க நன்றி சொன்னாத்தான் எங்களுக்குச் சாப்பாடே இறங்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவிடம் படித்த பையன்களே அந்த மேடையில் பேசி, பேராசிரியர்களும் ஆகிவிட்டார்கள்.

கடைசியில் அக்காவின் பணி ஓய்வு விழா வந்தது. சால்வை, பழக்கூடை, புகழ்மாலை. அம்மா மாதிரி என்றார்கள், சிரித்த முகம் என்றார்கள். ஆற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு தேசாயி சார் மைக்கைப் பிடித்தார்.

"நன்றியுரையையும் மேடமே சொல்லிடட்டும். இன்னைக்கு மட்டும் வேற யாரைத் தேடறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா எழுந்து வந்து, கைப்பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து மேசையில் வைத்தார்.

"எல்லாருக்கும் நன்றி. இந்தக் கல் எப்படி இவ்வளவு வழவழப்பாச்சுன்னு இப்போ சொல்றேன்."

கீழே பந்திக்கு ஹோளிகே, அதாவது போளி, சுடும் மணம் தூக்கியது. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன.

"மேடம், சாப்பாடு ஆறுது" என்றார் தேசாயி சார்.

"நன்றியுரைதானே சார். கல்லுக்கும் சொல்லிடறேனே."

அவர் போய்விட்டார். மைக் செட்காரர் வழக்கம்போல வயரைச் சுருட்டத் தொடங்கினார். அக்கா குரலை உயர்த்திக்கொண்டு, ஒரு வரி விடாமல் பேசி முடித்தார். அரங்கில் கேட்க நான் மட்டும்தான் மிஞ்சியிருந்தேன். இருந்தும் அறிஞர்கள் செய்வதுபோல நிமிர்ந்து, காலி நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏதாவது கேள்வி இருக்கா?"

நான் கையைத் தூக்கினேன்.

"அந்த ஆறு ஏன் அங்கேயிருந்து போயிடுச்சு மேடம்?"

அக்கா கல்லைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் இரு சுமா. இதுக்குப் பதில் எத்தனையோ வருஷமா வெச்சிருக்கேன். சொல்றேன்."