பூப் போட்ட சுவர்

அந்தப் பெயின்டருக்கு ஏணி என்று பட்டப்பெயர். ஆள் அவ்வளவு உயரம். சின்ன வயதிலிருந்தே கையில் கரித்துண்டு கிடைத்தால் பூ வரைகிறவர். ஆனால் பிழைப்பு என்று வந்தபின் யாரும் அவரிடம் பூக் கேட்டதில்லை. சந்தன நிறம், இல்லையென்றால் வெறும் வெள்ளை.

புதிதாகக் குடிவந்த கால்நடை டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது. ஏணியின் இங்கிலீஷோ அரைகுறை. கூடத்து ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றி மூட்டை கட்டிவிட்டு அவர் நின்றபோது, அந்தம்மா போனில் சொன்னார்: "பெயின்ட் த வால் பை த விண்டோ வித் ஒயிட் ஃப்ளவர்ஸ்."

சுவர், ஜன்னல், வெள்ளைப் பூ. ஏணிக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒரு ஜன்னலோரச் சுவரில், அந்தம்மா வாங்கி வைத்திருந்த நீலத்தை அடித்து, அது காய்ந்ததும் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ வரைந்து தள்ளினார்.

சாயங்காலம் வந்த டாக்டரம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு மூட்டையிலிருந்து ஒரு திரையை உருவி விரித்து, எதிர்ப்பக்க ஜன்னலைக் காட்டினார். திரை நிறைய வெள்ளைப் பூ!

ஏணிக்கு முகம் தொங்கிவிட்டது. ஹோட்டல் வரவேற்பறையில் வேலை பார்க்கும் மனைவியைப் போனில் பிடித்தார். விஷயத்தைக் கேட்டதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த 'வித்' கடைசியில வால் மாதிரி தொங்குதுங்க. ஜன்னலோட சேர்த்தா, பூத்திரை போட்ட ஜன்னல், அதோட ஓரச் சுவர். பெயின்டோட சேர்த்தா, பூப் போட்டுப் பெயின்ட் அடி. ரெண்டும் சரிதான்."

"அப்ப என் மேல தப்பு இல்லையே?"

"இல்ல. ஆனா உங்க மனசு எதோட சேர்க்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவள் போனிலேயே இங்கிலீஷில் விளக்கியதும் டாக்டரம்மா தலையில் கைவைத்துச் சிரித்தார். பூவை அழிக்கவே கூடாது என்றார். தன் ஆஸ்பத்திரிச் சுவருக்கும் படம் வேண்டுமென்றார்.

அங்கே மனைவியும் கூட வந்தாள். "பெயின்ட் த டாக் ஆன் த டேபிள்" என்றார் டாக்டரம்மா. மேசைமேல் ஒரு பழுப்பு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

ஏணி உஷாரானார். "நல்லாக் கேட்டுச் சொல்லு. இந்த நாயைப் பார்த்துச் சுவர்ல வரையணுமா, இல்ல மேசை மேல நாய்ப் படம் வரையணுமா?"

"மூணாவதும் ஒண்ணு இருக்குங்க. நாய்க்கே பெயின்ட் அடிக்கிறது!"

அதை அவள் இங்கிலீஷிலும் சொல்ல, மூவரும் சிரித்த சிரிப்பில் நாய் விழித்து, மேசையிலிருந்து குதித்து, வாசலைப் பார்த்து நடந்தது. ஏணி சட்டென்று தூரிகையை எடுத்து, அது நடந்துபோகிற அழகையே சுவரில் பிடித்துவிட்டார்.