தெய்வானைக்கு வராத காய்ச்சல்

கேள்வித்தாளில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். சீல் வைத்த உறையைச் சரளா டீச்சர் எங்கள் கண்ணெதிரே கிழித்ததும் அந்த வாடை வகுப்பு முழுக்கப் பரவும். ஜவ்வாது மலை மேலிருந்த எங்கள் தொடக்கப் பள்ளிக்கு வருஷத்துக்கு ஒருமுறை கீழேயிருந்து வந்த அந்தத் தேர்வுக்கு அடைவுத் தேர்வு என்று பெயர். நாலு வட்டங்களில் சரியானதை மட்டும் பேனாவால் நிரப்ப வேண்டும் என்பதால் நாங்கள் அதைக் "கருப்பு வட்டப் பரீச்சை" என்போம். விடைத்தாளைத் திருத்துவது மனுஷர் இல்லை, மெஷின் என்று டீச்சர் சொன்ன நாளிலேயே எங்கள் அப்பாவுக்கு அதன்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. புளி வாங்க வரும் கீழ்நாட்டு வியாபாரிகளின் மெஷின் தராசில் எங்கள் மூட்டைகள் எப்போதும் இளைத்தே போகும் என்பதால், அது அவருக்குப் பழகிய சந்தேகம்தான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. என் அத்தை மகள் தெய்வானையும் அதே வகுப்பு, அதே பலகை. அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஆனால் டீச்சர் ஒருமுறை வாசித்த பாடத்தைக் காதால் பிடித்துக்கொண்டு, புத்தகத்தைத் தலைகீழாக வைத்தபடி வரி பிசகாமல் ஒப்பிப்பாள். கண்ணமங்கலத்துப் பக்கத்திலிருந்து வந்து, வாரம் முழுக்க மலையிலேயே தங்கிப் பாடம் நடத்திய சரளா டீச்சருக்கு அவள்மேல் பிரியம் அதிகம். எண்ணெய் வைத்துத் தலை வாரிவிடுவதும் உண்டு. அந்த வருஷம் கீழே கல்வி ஆபீஸ் கூட்டத்தில், போன தடவை மார்க் குறைந்ததற்காக எல்லார் முன்னாலும் அவரை நிற்கவைத்துப் பேசிவிட்டார்கள் என்று சத்துணவு ஆயா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு டீச்சர் யார் தலையையும் வாரவில்லை.

பரீட்சைக்கு முதல்நாள் மாலை, மணி அடிக்கும் நேரத்தில், டீச்சர் தெய்வானையைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே, "ஒடம்பு சுடுது பாரு, நாளைக்கு வூட்லயே இரு" என்றார். பின்வரிசையில் இருந்த இன்னும் இரண்டு பையன்களிடமும் அதையே சொன்னார். வழியில் நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என் நெற்றியைப் போலத்தான் இருந்தது.

அத்தை நம்பவில்லை, ஆனால் நம்பாமலும் இருக்க முடியவில்லை. படித்தவர்கள் தொட்டுச் சொல்லும் காய்ச்சல் நம் கைக்குத் தெரியாது என்று நினைத்திருக்க வேண்டும். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். தெய்வானை மறுநாள் முழுக்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காய்ச்சல் வரும் என்று காத்துக் கிடந்தாள். சாயங்காலம் வரை வராததால் அத்தைக்குப் பயம் கூடிவிட்டது. வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கும் நோவு பொல்லாதது என்று யாரோ சொல்ல, அம்மன் கோயிலில் கோழி அறுத்தார்கள். அந்தக் கறியை நாங்களும் சாப்பிட்டோம்.

சில வாரங்கள் கழித்து, எங்கள் ஒன்றியத்திலேயே எங்கள் பள்ளிதான் முதலிடம் என்று செய்தி வந்தது. டீச்சர் கல்கண்டு கொடுத்தார். ஊரில் ஒருவரும் சந்தோஷப்பட்டதாக எனக்கு நினைவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைக் கீழே ஹாஸ்டலுக்கு இழுத்துப் போய்விடுவார்கள் என்று ஒரு பேச்சு. ஏதோ கையெழுத்து வாங்கி நிலத்தில் கைவைக்கப் போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. "நம்ம பசங்கள மொதல்னு சொல்றான்னா, அவனுக்கு இன்னாவோ வேணும்" என்றார் அப்பா.

கீழே ஆபீஸில் இருந்தவர்களுக்கும் சந்தேகம்தான், ஆனால் வேறு மாதிரி. மலைப்பிள்ளைகள் எப்படி முதலில் வர முடியும்? டீச்சர் விடை சொல்லிக் கொடுத்திருப்பார் என்று முடிவு கட்டிக்கொண்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஜீப்பில் அதிகாரியும் இன்னும் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். டீச்சரைச் சத்துணவுக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, எங்களைப் பள்ளிக்கு வெளியே புளியமரத்தடியில் ஆளுக்கொரு மூலையாகப் பிரித்து உட்காரவைத்து, புதுக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். அன்று தெய்வானையும் அந்த இரண்டு பையன்களும் வந்திருந்தார்கள்.

விடைத்தாள்களை அங்கேயே திருத்தினார்கள். முன்பு எழுதிய நாங்கள் எல்லாரும் முன்பு போலவே சரியாக எழுதியிருந்தோம். அதிகாரியின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பையன்கள் இருவரும் தாளை வெறுமையாகவே கொடுத்திருந்தார்கள். தெய்வானையோ ஒரு வட்டத்தையும் விடாமல், எல்லா வட்டங்களையும் கோடு தாண்டாமல் அழகாகக் கருப்பாக்கியிருந்தாள். அதிகாரி அவளை அருகில் கூப்பிட்டு, போன தடவை எழுதினாயா என்று கேட்டார்.

"இல்ல சார். எனக்கு நோவுன்னு டீச்சர் சொன்னாங்க. இன்னா நோவுன்னுதான் சொல்லல."

அதிகாரி சத்துணவுக் கூடத்துப் பக்கம் பார்த்தார். வாசலில் நின்றிருந்த டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர்கள் மூவரும் ஜீப்புக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேசினார்கள். திரும்பி வந்த அதிகாரி தெய்வானையின் தாளை அவள் கையிலேயே கொடுத்து, "இத நீயே வெச்சுக்கம்மா" என்றார். பையன்களின் தாள்களைக் கிழித்தார். மற்றவற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷமும் இந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். எங்கள் மார்க்கால் மாவட்டத்தில் ஒன்றியத்துக்கும் பேர் வந்திருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

கேள்வித்தாள் வாடையடிக்கும் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போகக் கிடைத்தது அவளுக்கு மட்டும்தான். அதை வழியெல்லாம் காட்டிக்கொண்டே வந்தாள். அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாருடையதையும் எடுத்துப் போனவர்கள் இவளுடையதை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று என்னைக் கேட்டார். மறுநாள் காலையில் கொல்லை வேலைக்குப் போகாமல் எங்களோடு பள்ளிக்கு வந்து, வகுப்பு வாசலில் நின்று அதையே டீச்சரிடம் கேட்டார்.

டீச்சர் முதலில் ஏதேதோ சொன்னார். பிறகு, "அவ எழுதினா பள்ளிக்கூடத்து மார்க் கொறஞ்சிடும்ங்க. என்னைய எல்லார் எதிர்லயும் நிக்க வெச்சாங்க" என்றார்.

"அப்ப எம் பொண்ணுக்கு நோவு இல்ல?"

"இல்லைங்க."

அத்தை சண்டை போடுவார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தக் கோழி பொழச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெய்வானை பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பாடம் ஒப்பிக்கச் சொன்னபோது தெரியாது என்றாள். பிறகு ஒருநாளும் ஒப்பிக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு நான் கீழே ஹாஸ்டலுக்குப் போனேன். அவள் ஆடு ஓட்டப் போனாள்.

நான் இப்போது கீழே ஒடுகத்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் திருவிழாவுக்கு மேலே போயிருந்தபோது பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடம் இல்லை. சாலை போட்டபோது புளியமரத்தையும் வெட்டிவிட்டார்கள். சரளா டீச்சர் எங்கே மாற்றலாகிப் போனார் என்று சொல்ல ஆளில்லை. புதுக் கட்டடத்தின் இரும்புக் கேட்டுக்கு வெளியே, மண்ணில், தெய்வானை தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் மகளுக்குப் பரீட்சை.

வேலையை விட்டுவிட்டு ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய், முடிந்ததும் அவளே வந்துவிட மாட்டாளா என்று கேட்டேன். அவள் கேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொதல் மணியில இருந்து இங்கதான் இருக்கேன். என் பொண்ண பாதியில எழுப்பி வெளிய அனுப்பினாங்கன்னா, இன்னா நோவுன்னு நான் கேக்கணும் இல்ல" என்றாள்.