எடை பார்த்து வாங்கிய பவர் சப்ளை

என் மாமியாருக்குத் தராசு தேவைப்பட்டதில்லை. திருவொற்றியூர் மார்க்கெட்டில் முப்பது ஆண்டுகள் மீன் விற்ற கை. எதை வைத்தாலும் கிராம் கணக்கில் சொல்லிவிடும். முழங்கால் தேய்ந்து கடையை விட்ட பிறகு, வீட்டில் அவருக்கு மிஞ்சியிருந்த அதிகாரம் அந்த உள்ளங்கை ஒன்றுதான். பருப்புப் பொட்டலம் முதல் வெள்ளிக் கொலுசு வரை அதைத் தாண்டித்தான் உள்ளே வரும்.

திருமணமான புதிதில் நான் வாங்கிவந்த வஞ்சிரத்தை வாசலிலேயே தூக்கிப் பார்த்தார்.

"முக்கா கிலோகூட இல்ல. ஒரு கிலோவுக்குத் துட்டு குட்துட்டு வாங்கினு வந்துகீறாங்க டீச்சரம்மா. பொஸ்தகத்துல மீன வரைஞ்சிருப்பான், எடையா போட்டிருப்பான்?"

குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மீனைத் திருப்பிக் கொடுத்துவர என்னையே அனுப்பினார். நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். அந்தச் சிரிப்பை ஒன்பது ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தேன்.

என் கொழுந்தன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். மதர்போர்டு வந்தது, ராம் வந்தது, ஓவர்டைம் பார்த்து உடம்பு இளைத்தபின் கிராஃபிக்ஸ் கார்டும் வந்தது. இவற்றுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும் பாக்கி. கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லியிருந்தார்கள். கனம் என்றதும் அவனுக்கு அம்மாவின் நினைவு வந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு சிறு கடைக்கு மூவரும் ஆட்டோவில் போனோம்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வைத்தார். அத்தை கைக்கொன்றாகத் தூக்கினார்.

"இது கனமா கீது. அது வெத்து டப்பா. இத்த எடுத்துக்கோ நைனா."

கனமான பெட்டியின் மேல் அறுநூறு வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கீழே, பன்னிரண்டு வோல்ட் என்ற வரிக்கு நேராக, பொடி எழுத்தில் பதினெட்டு ஆம்பியர். இரண்டையும் பெருக்கினேன். இருநூற்றுப் பதினாறு வாட்தான். அவன் வாங்கியிருந்த கார்டு ஒன்றே கிட்டத்தட்ட அவ்வளவும் தின்னும். வீட்டுக்கு என்ன பாகம் வந்தாலும் அதைப் பற்றி நான் படித்துவிடுவது வழக்கம்; எடையைக் கூட்டுவதற்காக உள்ளே எதையாவது ஒட்டிவைத்து விற்பார்கள் என்பதையும் படித்திருந்தேன்.

"அண்ணி, நீங்க இன்னா சொல்றீங்க?" என்றான் கொழுந்தன்.

"அத்தை கை தப்பாது" என்றேன்.

அத்தை என்னை வியப்பாகப் பார்த்தார். ஆட்டோவில் திரும்பும்போது பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், ஆட்டத்தின் நடுவே டப்பென்று சத்தம் கேட்டது. கருகிய நாற்றம் சமையலறை வரை வந்தது. கார்டும் போயிற்று, மதர்போர்டும் போயிற்று. கொழுந்தன் பவர் சப்ளையைத் தரையில் வைத்துத் திருகுகளைக் கழற்றினான். உள்ளே தகரத்தோடு ஒட்டியிருந்தது ஒரு சிமெண்ட் கட்டி. அதைப் பெயர்த்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான்.

"எவ்ளோ கிராம்? சொல்லும்மா. உன் கைதான் தப்பாதே."

அவன் கேலிக்குத்தான் கேட்டான். அவர் கையை இரண்டு முறை மெல்ல ஏற்றி இறக்கினார்.

"முந்நூத்தி அம்பது" என்றார்.

கேக் செய்வதற்காக நான் வாங்கி, அவருக்குத் தெரியாமல் அலமாரியில் ஒளித்துவைத்திருந்த சின்ன மின்தராசு ஒன்று இருந்தது. யாரும் கேட்காமலே எடுத்துவந்து வைத்தேன். முந்நூற்று நாற்பத்தெட்டு. கொழுந்தன் சிரித்தான், கண்ணில் நீர் வரச் சிரித்தான், பிறகு அது சிரிப்பாக இல்லை. அத்தை தராசைப் பார்த்தார். எத்தனை நாளாக இது வீட்டில் இருக்கிறது என்று கேட்கவில்லை.

அந்தப் பெருக்கலை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. கொழுந்தன் மறுபடி பாகங்கள் சேர்க்கிறான். இப்போது என்னிடம் மட்டுமே கேட்கிறான்.

மீன் வந்தால் அத்தை அதைத் தொடுவதில்லை. கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "அந்த மிஷின எடுத்தாம்மா" என்கிறார். நான் மீனைத் தராசில் கிடத்துகிறேன். எண் வந்து நிற்பதற்குள் அவர் உதடு அசைந்துவிடுகிறது. பார்க்காதவள்போல நான் எண்ணை உரக்கப் படிக்கிறேன்.