அப்பாவின் பாகத்தில் தண்ணீர் இல்லை

என் அப்பா தம் வயதான காலத்துக்கென்று மூன்று ஏக்கர் நிலத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டார். அந்த நிலத்துக்குத் தண்ணீரை ஒதுக்க மறந்துவிட்டார். மறந்துவிட்டார் என்று மரியாதைக்காக எழுதுகிறேன். உண்மையில் கேட்கக் கூச்சப்பட்டார். பெற்ற மகனிடம் போய்த் தண்ணீரை எழுதி வாங்குவதா என்ற கூச்சம். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. மழை பொய்த்தால் கிணறு வைத்திருப்பவன் மட்டும் சோறு தின்பான். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டியது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பா ஆள் வைத்து வெடி போட்டு அந்தப் பாறையை உடைத்தார். அதற்குப் போனது அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நகை. அட்டிகை, காப்பு, ஒட்டியாணம், எல்லாம் போயிற்று. தாலி மட்டும் மிஞ்சியது.

“தண்ணி கண்டா நகை தானா வரும்” என்று அப்பா சொன்னார்.

தண்ணீர் கண்டது. கிணற்று மேட்டில் கவலை ஏற்றம் கட்டி, இரண்டு எருதுகள் தோல் சாலில் பொழுதெல்லாம் இறைத்தாலும் வற்றாத தண்ணீர். மஞ்சள் விளைந்தது, மிளகாய் விளைந்தது. அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது, எனக்கும் நடந்தது. அம்மாவின் கழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

நான் சேலம் சூரமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். என் கணவர் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. நான் போன சில வருஷங்களிலேயே, விளைந்ததற்கெல்லாம் விலை விழுந்து கிடந்த காலத்தில், அண்ணனும் அவருடைய மாமனாரும் சேர்ந்து பாகம் பிரிக்கும் பேச்சை எடுத்தார்கள். அண்ணன் ஒரே மகன். ஒரே மகனுக்கு எதற்கு அவசரம் என்று நான் கேட்டேன்.

“நல்லா இருக்கறப்பவே பிரிச்சுக்கிட்டா மனஸ்தாபம் வராது பாரு” என்றார் அண்ணன்.

அப்பாவும் சம்மதித்தார். யார் கையையும் எதிர்பாராமல் கடைசிவரை தம் சோற்றைத் தாமே தின்ன வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். மூன்று ஏக்கரும் வீட்டில் பாதியும் தமக்கும் அம்மாவுக்கும் என்று வைத்துக்கொண்டு மற்றதை மகனுக்கு விட்டார். அளந்து பார்த்தபோது கிணறு அண்ணன் பங்கில் விழுந்தது.

பத்திரம் எழுதுபவரை வீட்டுக்கே வரவழைத்திருந்தார்கள். நானும் வந்திருந்தேன். எழுதிக்கொண்டே வந்த மனிதர் பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“ஏனுங்க, கெணத்துல உங்களுக்குப் பாத்தியம் உண்டுன்னு ஒரு வரி எழுதோணுமுங்களா?”

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சிரித்தார். “நான் என்ன, பெத்தவங்களுக்குத் தண்ணி இல்லீன்னு சொல்லிருவனுங்களா?”

“அதெல்லாம் எழுத வேண்டாமுங்க” என்றார் அப்பா.

“எழுதிக்குங்க” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அண்ணனின் மாமனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பொம்பளைங்களுக்கு இதுல என்னுங்க பேச்சு?” என்றார்.

“அம்மா நகையைப் போட்ட கெணறு அது. அவங்க பேசாம வேற ஆரு பேசறது?” என்று நான் கேட்டேன்.

“நீ கட்டிக்குடுத்துப் போன புள்ளை. உண்டுட்டுப் பொறப்படு” என்றார் அண்ணன். அப்பா பத்திரம் எழுதுபவரைப் பார்த்து மேலே எழுதச் சொன்னார். பத்திரம் முடிந்தது. ரிஜிஸ்டரும் ஆனது. அம்மாவுக்கு அதில் கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை. அவளுக்கு எதிலும் உரிமை இல்லை என்பதால் யாரும் அவளைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதல் வருஷம் தண்ணீர் தடையில்லாமல் வந்தது. அடுத்த வருஷம், “எம்பட பயிருக்குப் பாஞ்ச பொறவு நீங்க உட்டுக்குங்க” என்றார் அண்ணன். அவர் பயிருக்குப் பாய்ந்து முடியவே இல்லை. அதற்கும் அடுத்த வருஷம் அப்பா எருதுகளை ஓட்டிக்கொண்டு போனால் கவலையில் வடமும் இருக்காது, சாலும் இருக்காது. நான் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவின் மிளகாய்ச் செடிகள் பூவோடு கருகி நின்றன. வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனின் மஞ்சள் இடுப்பளவு பச்சையாக இருந்தது.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “கெணறு எம்பட பாகத்துல இருக்குது. பத்திரத்தை எடுத்துப் பாரு” என்றார்.

அப்பாவிடம் வந்தேன். “பொறவு சரியாப் போயிரும் சாமி” என்றார். யாரிடம் அதிகம் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. மறுக்கிறவரிடமா, மறுத்தபிறகும் அவருக்காகப் பரிந்து பேசுகிறவரிடமா?

இது போதாதென்று வரி வந்து சேர்ந்தது. பாகம் பிரித்தவர்கள் பட்டாவைப் பிரிக்கவில்லை. சர்க்கார் கணக்கில் மொத்த நிலமும் அப்பா பேரிலேயே கிடந்தது. அண்ணன் தம் பங்கு நிலவரியை, கிஸ்தியை, அப்பாவிடம் கொடுத்துவிடுவதாகத்தான் பேச்சு. விளைச்சல் இருந்தும் அவர் கொடுக்கவில்லை. அப்பாவிடம் விளைச்சலே இல்லை. ஒரு நாள் காலையில் வரி வசூலிக்கிற மணியக்காரர் இரண்டு ஆட்களோடு ஜப்திக்கு வந்து நின்றார். நான் அப்போது பிரசவத்துக்கு அங்கே இருந்தேன்.

அவருக்கும் சங்கடம்தான். “மேல இருந்து உத்தரவுங்க, நான் என்னுங்க பண்றது?” என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பசுவை அவிழ்த்தார்கள். அடுப்படியிலிருந்து அண்டா, தவலை, சொம்பு எல்லாவற்றையும் எடுத்து வாசலில் அடுக்கினார்கள். தவலையில் இருந்த குடிதண்ணீரை அம்மாவே கீழே கொட்டிவிட்டுக் கொடுத்தாள்.

அண்ணன் தம் வீட்டுப் பக்கம் வேலியோரமாக நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே துலக்கினார்.

அம்மா நடந்து போனாள். அதுவரை அவள் மகனிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நேரே போய், அவர் வாயிலிருந்த வேப்பங்குச்சியைப் பிடுங்கி எறிந்தாள்.

“உன்ற நெலத்து வரிக்கு எம்பட சொம்பு போவுது. நின்னு பல்லா வெளக்கற?”

“பட்டா அப்பா பேர்ல இருக்குதுங்கம்மா. சர்க்காரு அவரத்தான கேக்கும்?”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. திருடினால் திருடன் என்று சொல்லலாம். இவர் ஒவ்வொரு முறையும் எழுதியிருப்பதை எழுதியிருப்பதாகவே சொன்னார்.

ஊர்ப் பெரியவர்களிடம் அம்மா போனாள். நகையைத் திருப்பிக் கொடுக்கட்டும், இல்லையென்றால் தண்ணீரைக் கொடுக்கட்டும் என்றாள். புருஷனுக்குக் கொடுத்த நகைக்கு மகனிடம் கணக்குக் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று அவர்கள் கேட்டார்கள். அண்ணனையும் கூப்பிட்டுப் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள். “வித்துப் போடுங்க.”

“மண்ணை விக்கறதா? ஊரு என்ன சொல்லும்?”

“சொம்பு போனப்ப ஊரு என்னுங்க சொல்லுச்சு?”

எங்கள் நிலத்துக்குக் கிழக்கே ஒருவர் பண்ணையம் செய்துகொண்டிருந்தார். அவருக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அவருக்கும் அண்ணனுக்கும் வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தை கிடையாது. அந்த மூன்று ஏக்கர் அவருக்குப் போனால் அண்ணன் தம் நிலத்துக்கு வண்டி ஓட்டவே சுற்றிக்கொண்டு போக வேண்டும். அம்மா அவரைத்தான் சொன்னாள். இவ்வளவையும் அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

விஷயம் கேள்விப்பட்ட அண்ணன் ஓடி வந்தார். நிலத்தைத் தமக்கே கொடுக்கும்படி கேட்டார், விலையைப் பின்னால் பேசிக்கொள்ளலாம் என்றார்.

அம்மா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “தண்ணியில்லாத நெலம் உனக்கு எதுக்கு சாமி?” என்றாள்.

கேஸ் போடுவேன் என்று அண்ணன் மிரட்டினார். என் கணவர் சேலத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாகம் பிரிந்த பிறகு அப்பாவின் பங்கு அப்பாவுடையது, விற்பதற்குத் தடை இல்லை, பட்டாவை மட்டும் உடனே பிரித்துப் பேர் மாற்ற மனுக் கொடுங்கள் என்று வக்கீல் சொன்னாராம். அப்பா மனுக் கொடுத்தார். அதன்பிறகு அண்ணனின் கிஸ்தியை அண்ணனே கட்டினார். கிரயம் நடந்த அன்று அப்பா ரிஜிஸ்டர் ஆபீசுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டார். அம்மா வெளியே வேப்பமரத்தடியில் நேராக உட்கார்ந்திருந்தாள்.

தங்கள் பாதி வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் சூரமங்கலத்துக்கு வந்தார்கள். மருமகன் வீட்டில் தங்க அப்பா ஒப்பவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். பணத்தைத் தபாலாபீசில் போட வேண்டும் என்றபோது, “எம்பட பேர்ல போடுங்க” என்றாள் அம்மா. அப்பா அப்படியே போட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் கொஞ்சம் மன்னித்தேன்.

முழுதாக மன்னிக்க அவர் விடவில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும், “பையன் மஞ்சள் எப்படிங்க இருக்குது?” என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்றால் முகம் மலரும். எனக்கு அங்கிருந்து எழுந்து போய்விடத் தோன்றும். போர்க்காலத்தில் அரிசிக்கு வரிசையில் நின்றபோதும் அதே கேள்விதான். அவர் போய்ச் சேரும்வரை அது மாறவில்லை.

அண்ணன் வந்து எல்லாச் சடங்கையும் குறையில்லாமல் செய்தார். வாய்விட்டு அழுதார். அந்த அழுகை பொய் என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கருமாதி முடிந்து புறப்படுகிறபோது அம்மாவிடம் வந்து நின்றார்.

“தபாலாபீசுப் பணத்தை எம்பட பேருக்கு மாத்திரலாமுங்களாம்மா? உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?”

“நான் இன்னும் சாவல” என்றாள் அம்மா. “செத்தாலும் மிச்சம் வெக்க மாட்டேன்.”

சொன்னபடியே செய்தாள். பழனிக்குப் போனாள், ராமேஸ்வரத்துக்குப் போனாள். வண்டியில் காப்பி வாங்கிக் குடித்தாள். குளிருக்குக் கம்பளி வாங்கினாள். அவள் கண்ணை மூடியபோது கருமாதிச் செலவுக்கென்று என்னிடம் தனியே கொடுத்து வைத்திருந்தது போகத் தபாலாபீசில் ஒன்றும் இல்லை. அண்ணன் என்மேல் சந்தேகப்பட்டார். பட்டுக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

அம்மா போன மறு வருஷமே என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைத்திருந்த பிராவிடண்ட் பண்டு மொத்தமாகக் கைக்கு வந்தது. அதில் ஒரு வீடு வாங்குவதாக முடிவானது. யார் பேரில் என்று கேட்டேன். தம் பேரில்தான், பிற்பாடு பையன்களுக்கு என்றார்.

“எம் பேரையும் சேர்த்து எழுதுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் உசுரு இருக்கறவரைக்கும் ஆரும் விக்கக் கூடாது, நம்மளை வீட்டை உட்டுக் கிளப்பக் கூடாதுன்னும் எழுதுங்க.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “என்மேல நம்பிக்கை இல்லையா?”

“நெறைய இருக்குதுங்க. எழுதியும் வையுங்க.”

அவர் சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சமாதானம் செய்யப் போகவில்லை. என் பையன்கள் கல்யாண வயதில் இருந்தவர்கள். அவர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எங்களை மாமாவைப் போல நினைத்துவிட்டாயா என்று பெரியவன் கேட்டான். உன் மாமாவையும் அப்படி யாரும் நினைக்கவில்லை என்று சொன்னேன்.

கடைசியில் அவர் வண்டி பிடித்து என்னையும் அழைத்துக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனார். எழுதுபவர், நான் கேட்ட அந்த வரியையும் சேர்த்து, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக் காட்டினார். புரியாத இடத்தில் நிறுத்தச் சொல்லி, புரிந்தபிறகு கையெழுத்துப் போட்டேன்.